தலைகீழாக நிற்கும் முன் இறங்கப் பழகுங்கள்

காலை ஐந்தரைக்கு எங்கள் குடியிருப்புத் தாமானில் இன்னும் நல்ல இருட்டு. சூரியன் தலைகாட்ட ஏழு மணி ஆகும். காடியை எடுத்து வெளியே விட்டுவிட்டு, போர்ச்சின் சிமெண்டுத் தரையைத் துடைத்து யோகாப் பாயை விரிப்பேன். பெரிய ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய முதல் லோரி போகும். கொஞ்ச நேரத்தில் சுபு பாங்கு கேட்கும். அதற்குள் என் மணிக்கட்டுகள் சூடாகியிருக்க வேண்டும் என்பது கணக்கு.

எனக்கு வயது 51. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறேன். யோகா ஆசிரியை கிடையாது, சான்றிதழ் எதுவும் இல்லை. 38 வயதில் முதுகுவலிக்காக ஆரம்பித்தேன். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வகுப்புகள் எல்லாம் மூடியபோது வீட்டிலேயே தனியாகச் செய்யத் தொடங்கினேன், அது அப்படியே நிலைத்துவிட்டது. கடினமான ஆசனங்கள் பக்கம் தனியாகத் தைரியமாகப் போனதும் அதற்குப் பிறகுதான்.

இந்தக் குறிப்பு யாருக்கு என்றால், இரண்டு மூன்று வருடமாக ஒழுங்காகச் செய்து வருபவர்களுக்கு. சூரிய நமஸ்காரம் பன்னிரண்டு சுற்று மூச்சிரைக்காமல் வரும், பச்சிமோத்தானம், புஜங்கம், சர்வாங்கம் எல்லாம் பழகிவிட்டது, அடுத்து என்ன என்று கேட்கிறீர்கள், பக்கத்தில் கேட்க ஆளில்லை. உங்களுக்குத்தான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் ஒரு நல்ல ஆளிடம் போய் அடிப்படையைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

என் அம்மா 30 வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். கடின ஆசனம் எப்படிப் பழகுவது என்பதை எனக்குச் சரியாக விளங்க வைத்தது அவருடைய கத்திதான். பால்வெட்டில் ஒவ்வொரு தடவையும் சீவும் பட்டையின் கனம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர், அவ்வளவுதான். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்பக்கம் இருப்பதால் கத்தி மேலாகப் போனால் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் பால் சேராது. கொஞ்சம் ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். காயம் ஆறினாலும் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே கத்தி ஒழுங்காக ஓடாது. அதோடு, இன்று வெட்டிய மரத்தை நாளை வெட்டமாட்டார்கள்.

உடம்பும் அப்படித்தான். தசை சில வாரங்களில் பலப்பட்டுவிடும். தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை மெதுவாகத்தான் பின்னால் வரும். தசை 'நான் தயார்' என்று சொல்லும்போது நாண் இன்னும் பாதி வழியில் இருக்கும். பெரும்பாலான காயம் இந்த இடைவெளியில்தான் படுகிறது. ஆகவே கடின ஆசனத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். இடைப்பட்ட நாளில் பழைய, சுலபமானவை போதும்.

பாயில் கால் வைக்கும் முன் ஒரு விஷயம். கண்ணில் கிளாக்கோமா, விழித்திரைப் பிரச்சினை, கட்டுப்படாத ரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம், எலும்பு மெலிவு, இவற்றில் ஏதாவது இருந்தால் தலைகீழ் ஆசனங்கள் வேண்டாம். தலையால் நிற்கும் சிரசாசனத்தில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. குடலிறக்கம், வயிற்றுப்புண், வயிற்றில் அறுவை சிகிச்சை என்றால் மயூரம், அதாவது உடம்பு முழுதையும் இரண்டு கையில் தாங்கும் மயிலாசனம், வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இரண்டுமே வேண்டாம். நாற்பது தாண்டியவர்கள் ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வாருங்கள், கிளினிக்கில் ஐந்து நிமிட வேலை.

சரி, எதை எடுப்பது?

ஒன்றே ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒரு கடின ஆசனம். கைப்பேசியில் தினமும் இருபது படம் வருகிறது, ஒருத்தி கடற்கரையில் கால் இரண்டையும் தலைக்குப் பின்னால் போட்டுச் சிரிக்கிறாள், நமக்கும் கை அரிக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரே மாதத்தில் காகம், மயூரம், ஹனுமான், பத்மம் நான்கையும் பிடித்து நான்கிலும் அரைகுறையாக நின்றேன். எது உடம்புக்கு ஒத்து வந்தது, எது மறுநாள் வலியைக் கொண்டுவந்தது என்றே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு இது பெரிய வெட்கம்.

நான் முதலில் எடுத்தது மயூரம். பதினைந்தாம் நூற்றாண்டு யோக நூலான ஹடயோக பிரதீபிகை சொல்லும் 15 ஆசனங்களில் அதுவும் ஒன்று. நஞ்சு தின்றாலும் செரிக்கவைக்கும் என்று அதில் இருக்கிறது. எங்கள் தாமான் முனையில் விற்கும் ரொட்டி சானாயை வைத்து நான் சோதித்துப் பார்க்கவில்லை. மயூரம் வெறும் வயிற்றில்தான், கடைசியாகச் சாப்பிட்டு நாலு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முழங்கை இரண்டும் நேராக வயிற்றில் ஏறி அமுக்கும்.

முதல் மூன்று வாரம் ஆசனமே கிடையாது, மணிக்கட்டு மட்டும். நாலு காலில் நில்லுங்கள். உள்ளங்கையைத் தரையில் வைத்து விரல்கள் முழங்காலைப் பார்க்கும்படி திருப்புங்கள். இப்போது உடம்பை மெல்லப் பின்னுக்குக் கொண்டு போங்கள். முன்கையின் உள்பக்கம் இழுக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதி தரையை விட்டுத் தூக்கினால் அதிகம் போய்விட்டீர்கள், திரும்பி வாருங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு நிமிடம். கடையில் நாள் முழுதும் கணினியில் தட்டுகிற என் கைகளுக்கு இதுவே முதல் வாரம் பெரிய வேலையாக இருந்தது.

அப்புறம் ஆசனம். முழங்காலை அகட்டி மண்டியிடுங்கள். இரண்டு கையையும் சுண்டுவிரல் பக்கம் ஒட்டினாற்போல் தரையில் வைத்து, விரல்கள் பாதத்தைப் பார்க்கட்டும். முன்கைகளையும் முழங்கைகளையும் சேர்த்து, முழங்கைகளைத் தொப்புளுக்கு இரு பக்கமும் பதியுங்கள். வயிறு கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும், தளர்ந்தால் முழங்கை உள்ளே குத்தும். நெற்றியைத் தரையில் வையுங்கள். ஒவ்வொரு காலாகப் பின்னுக்கு நீட்டுங்கள், விரல் நுனி தரையில் இருக்கட்டும். நெற்றியைத் தூக்குங்கள். இது வரைக்கும் வந்தாலே போதும், இங்கேயே ஒரு மாதம் இருங்கள்.

இதற்கு அடுத்த கட்டத்தில்தான் எல்லாரும் தப்பு செய்கிறோம். கால் மேலே வரவேண்டும் என்று காலை உதைக்கிறோம். நான் உதைத்தேன், முகவாய் போய்த் தரையில் அடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வாயெல்லாம் ரத்தம். அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னா பிள்ள, மயிலு மரத்துல இருந்து விழுந்துருச்சா?" என்றார்.

மயூரத்தில் காலைத் தூக்குவதற்குத் தனியாக வேலை ஒன்றும் இல்லை. மார்பு முன்னால் போக வேண்டும். முன்கை நேராக நிற்கிற வரைக்கும் கால் கனமாகவே இருக்கும். உடம்பை முன்னுக்குத் தள்ளத் தள்ள, முன்கை சாயச் சாய, கால் விரலில் இருக்கும் கனம் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் விரல் தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். தராசுத் தட்டு மாதிரி. கடையில் பழைய தராசில் ஆணி நிறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே இது விளங்கியது. அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்து செய்தேன், கால் தானாகக் கிளம்பியது. இரண்டு விநாடி.

கிளம்பவில்லை என்றால் பாதத்துக்கு அடியில் ஒரு முழம் உயரத்துக்கு உறுதியான பெட்டி ஒன்றை வையுங்கள். உடம்பு ஏற்கெனவே தரைக்கு இணையாக வந்துவிடும், சாய மட்டும்தான் பாக்கி. முகத்துக்கு நேரே தலையணை கட்டாயம். முழங்கைகள் வழுக்கிப் பிரிந்தால், முழங்கைக்குச் சற்று மேலே பழைய புடவைத் துண்டால் கட்டிக்கொள்ளலாம். நம் ஊர் வியர்வைக்கு வெறும் தோல் ஒட்டாது, ஆகவே பருத்திச் சட்டை போட்டுச் செய்யுங்கள். பளபளக்கிற விளையாட்டுத் துணியில் முழங்கை வழுக்கிக்கொண்டே இருக்கும். பெண்களுக்கு மார்பு இடிப்பதால் முழங்கையைச் சேர்த்து வைப்பது கஷ்டமாக இருக்கும். நாலு விரற்கடை இடைவெளி விட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இறங்கும்போது பாதம் முதலில், பிறகு முழங்கால், பிறகு நெற்றி. தொப்பென்று விழுவதை இறங்குவது என்று எண்ணாதீர்கள்.

இதுதான் சிரசாசனத்துக்கும் நான் முதலில் சொல்வது. ஏறக் கற்றுக்கொள்ளும் முன் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள். அம்மா காலத்தில் மரத்தின் மேல்பக்கப் பட்டையை ஏணி வைத்து வெட்டுவார்கள். கையில் கத்தி, காலடியில் ஈரப் படி, இன்னும் விடியாத இருட்டு. அம்மா சொல்வார்: "ஏறுறது யாருக்கும் வரும். எறங்குறப்பத்தான் ஏணி யாருன்னு காட்டும்."

பாயின் முன்னால் ஒரு மெத்தையைப் போட்டுக் குட்டிக்கரணம் பழகுங்கள். சிரிக்காதீர்கள். சிரசாசனத்தில் முதுகுப் பக்கமாகச் சாயும்போது கோர்த்த விரல்களை அவிழ்த்து, முகவாயை மார்பில் ஒட்டி, முதுகை வளைத்து உருண்டு விட்டால் ஒன்றும் ஆகாது. விறைத்துக்கொண்டு விழுந்தால் கழுத்து. பத்துத் தடவை உருண்டு பழகிய உடம்புக்குப் பயம் குறைந்துவிடும், பயம் குறைந்தாலே பாதித் தடுமாற்றம் போய்விடும்.

அடுத்து, தயாரா என்று பார்க்க ஒரு சோதனை. முன்கைகளைத் தரையில் வைத்து விரல்களைக் கோர்த்து, முழங்கைகளைத் தோள் அகலத்துக்கு வைத்து, இடுப்பை உயர்த்துங்கள். தலை தரையைத் தொடக் கூடாது, தொங்கட்டும். பத்து மூச்சு. தோள்கள் காதை நோக்கி இறங்கிவிட்டால், அல்லது ஆறாவது மூச்சில் தலை தரைக்கு வந்துவிட்டால், இன்னும் ஒரு மாதம் இதையே செய்யுங்கள். சிரசாசனத்தில் கனத்தை முன்கையும் தோளும் பங்கு போட்டு வாங்க வேண்டும். தோள் வாங்காத கனம் முழுதும் கழுத்துக்குத்தான் போகும்.

இது பாஸ் ஆனால், உச்சந்தலையைத் தரையில் வைத்து, கால்களை முகத்தை நோக்கி நடத்திக் கொண்டு வாருங்கள். இடுப்பு தோளுக்கு நேர் மேலே வந்ததும் ஒரு முழங்காலை மடக்கி மார்புக்குக் கொண்டு வாருங்கள், பிறகு மற்றதை. இரண்டு முழங்காலும் மடங்கி மார்போடு இருக்கும் இந்த நிலையில் ஐந்து மூச்சு. இங்கிருந்து இறங்குங்கள். மெல்ல. கால்விரல் தரையைத் தொடும் சத்தம் உங்கள் காதுக்குக் கேட்கக் கூடாது. சத்தம் கேட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், நாளை மறுநாள் பார்க்கலாம். நான் இந்த அரை நிலையில் நாலு மாதம் இருந்தேன். அதற்குப் பிறகு காலை நீட்டியது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் சுவரோரம் செய்வது நல்லதுதான். ஆனால் சுவரில் பாதத்தைச் சாய்த்து நிற்கப் பழகிவிட்டால் இடுப்பு வளைந்து, வயிறு தளர்ந்து, தப்பான நிலையே பழக்கமாகிவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் சுவர் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இறங்கிய பிறகு நெற்றியைத் தரையில் வைத்து அரை நிமிடமாவது குப்புறக் கிடங்கள். சட்டென்று எழுந்தால் கண்ணைக் கட்டும்.

முதுகை வில்லாக வளைக்கும் சக்கராசனம் பலருக்கு ஏற்கெனவே வரும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதங்கள் இணையாக இருக்கட்டும், வெளியே திரும்பினால் இடுப்புக் கீழ்ப்பகுதி நசுங்கும். வளைவு முழுதும் ஒரே இடத்தில் மடிகிறது என்றால் குற்றம் தோளிலும் மேல்முதுகிலும். கல்யாண வீட்டில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் முன் மண்டியிட்டு, முழங்கைகளை இருக்கையில் ஊன்றி, மார்பைத் தரையை நோக்கி இறக்குங்கள். இதை ஒரு மாதம் செய்தால் சக்கராசனம் தானாக உயரும்.

இப்போது என் காயத்தின் கதை. 2018இல் ஒரு வார இறுதி வகுப்பு, எங்கே என்பது வேண்டாம். ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னுமாக நீட்டி உட்காரும் ஹனுமானாசனத்தில் நான் தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தேன். சொல்லிக்கொடுத்தவர் பின்னால் வந்து, "மூச்சை விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தோளை அமுக்கினார். உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் டிக் என்று ஒரு சத்தம். பெரிய வலி கூட இல்லை. மறுநாள் காடி சீட்டில் உட்கார முடியவில்லை. எட்டு மாதம் குனிந்து கோலம் போடவில்லை. அவரைச் சொல்லி என்ன, போதும் என்று நான்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள். தொடையின் பின்பக்கம் நடுவில் இழுத்தால் அது சாதாரணம். உட்காரும் எலும்பை ஒட்டி ஒரு புள்ளியில் சுருக்கென்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள், அது நாண் எலும்போடு சேரும் இடம். அங்கே வலித்தால் மேலும் நீட்டி நீட்டிச் சரி பண்ணப் பார்க்காதீர்கள், நீட்டுவதை நிறுத்திவிட்டு உடற்பயிற்சி மருத்துவரிடம் காட்டுங்கள். பத்மாசனத்துக்கும் இதே மாதிரி ஓர் எல்லை உண்டு. முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கும், நீளும், அதிகம் திரும்பாது. திரும்ப வேண்டியது இடுப்புக் குழி. இடுப்பு திரும்பாமல் பாதத்தைக் கையால் இழுத்துத் தொடைமேல் போட்டால் முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு கிழியலாம். முழங்காலின் உள்பக்கம் சின்னதாக நெருடினாலும் அரைப் பத்மத்தோடு நிறுத்துங்கள். எனக்கு இன்னும் அரைதான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நம் ஊர்ச் சூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கே உடம்பு சீக்கிரம் இளகும், அது ஏமாற்றும். மத்தியானச் சூட்டில் தொடையைத் தொடும் நெற்றி விடியற்காலையில் ஒரு சாண் தள்ளி நிற்கும். விடியற்காலை அளவைத்தான் நம்புங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் போர்ச்சை விட்டு உள்ளே போங்கள், மூச்சிரைக்கும் எதையும் விட்டுவிட்டு உட்கார்ந்து செய்வதோடு நிறுத்துங்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் நாட்களிலும் நான் கடினமானதைத் தொடமாட்டேன். முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை என்றாலும் அப்படித்தான்.

யோக சூத்திரத்தில் பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணம் இரண்டே சொல். நிலையாக இருக்கவேண்டும், சுகமாக இருக்கவேண்டும். இதை அளக்க என்னிடம் இருப்பது மூச்சு மட்டும்தான். எந்த நிலையிலும் மூக்கு வழியாக, உள்ளே நாலு, வெளியே நாலு எண்ண முடிந்தால் இருக்கலாம். பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்தால் இறங்கவேண்டும். மயூரத்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் சுருங்கும், உள்ளே இரண்டு வெளியே இரண்டு வந்தால் போதும்.

கடைசியாக, எழுதி வையுங்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்ன 555 புத்தகம், அதுதான் என் பதிவேடு. ஒரு நாளுக்கு மூன்று வரி. என்ன செய்தேன், எத்தனை மூச்சு. எங்கே இழுத்தது. மூன்றாவது வரியை மறுநாள் காலையில்தான் எழுதவேண்டும், எழுந்ததும் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று. இந்த மூன்றாவது வரிதான் முக்கியம். பாயில் இருக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் தெரியும், காயம் பெரும்பாலும் மறுநாள்தான் கணக்குக் கேட்கும். இரண்டு நாள் தொடர்ந்து அதே இடத்தில் 'இறுக்கம்' என்று எழுதினால் அந்த ஆசனத்துக்கு ஒரு வாரம் விடுப்பு.

அம்மாவுக்கு இப்போது 78. நான் போர்ச்சில் இருக்கும் நேரம் அவர் வாசற்படிக்குப் பக்கத்தில் பாதம் முழுதும் தரையில் பதியக் குத்தவைத்து உட்கார்ந்து கீரை ஆய்வார். அரை மணி நேரம், கை ஊன்றாமல். பிறகு கை ஊன்றாமலே எழுவார். மலாசனம் என்று அதற்குப் பெயர் இருப்பதைச் சொன்னேன். "உக்கார்றதுக்கெல்லாம் பேரா?" என்று கேட்டார்.

இன்று காலை 555இல் எழுதியது: மயூரம், 4 மூச்சு. இறங்கும்போது சத்தம் இல்லை. இடது மணிக்கட்டு இறுக்கம், நேற்றும் இறுக்கம். அதனால் அடுத்த புதன் வரை மயூரம் கிடையாது. "தோசை ஆறுது, வந்து பசியாறும்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. காடியை உள்ளே விட்டுவிட்டுப் போனேன்.